பாக்க வேண்டாம்னு நான் சொன்ன வழி

முப்பத்தொம்போது பர்சன்ட். அஞ்சு நிமிஷமா முப்பத்தொம்போதுலயே நிக்குது. ஸ்க்ரீன்ல ஓடற இந்தப் பச்சைக் கோட்டுக்கு வெக்கமே கிடையாது, பத்துலேர்ந்து முப்பத்தஞ்சுக்கு ஒரே தாவு தாவும், அப்புறம் கல்யாணப் பந்தியிலேர்ந்து எந்திரிச்ச மாமா மாதிரி காலை நீட்டிப் படுத்துக்கும். மணி ஒண்ணு பன்னெண்டு. லேப்ல நான் மட்டும்தான். எல்லாரும் மெஸ்ஸுக்குப் போயாச்சு, இன்னிக்கு பிரியாணியாம், சோத்துக்குள்ள பீன்ஸைப் புதைச்சு வச்சுட்டு பிரியாணின்னு எழுதிப் போடுவானுங்க, அதுக்கும் ஒரு வரிசை நிக்கும். எனக்குப் பசிக்கல. ஏசி இருபதுல ஓடுது, விரல் நுனியெல்லாம் சில்லுன்னு இருக்கு. சில்லுன்னு இருந்ததாலதான் இங்க எல்லாம் ஒழுங்கா ஓடுச்சு. அதை நினைக்காத. கோட்டைப் பாரு. இது முடிய இன்னும் அரை மணி நேரம் ஆகும், அங்க ஷெட்டுல வளர்மதி அக்கா சாப்பிட்டு வந்து மெஷினை ஓட்டறது ரெண்டு மணிக்கு, நடுவுல கிட்டத்தட்ட இருபது நிமிஷம் மிச்சம். தாராளம். கடைசியில வர்ற நம்பர் பச்சையா, பாஸ்னு வந்துட்டா ப்ராஜெக்ட்ல என்கூட இருக்கற பூபதிக்கு ஒரே ஒரு மெசேஜ் போட்டாப் போதும், புது ஃபைல் அனுப்பிருக்கேன், போர்டுல ஏத்திக்கோ, சின்ன மாத்தம்தான். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். சிவப்பா வந்தா? வந்தா அப்பப் பாத்துக்கலாம். போன மாசம் இதையே பதினோரு தடவை ஓட்டினேன், பதினொண்ணும் சிவப்பு. பன்னெண்டாவது பச்சையா வரக்கூடாதுன்னு ஏதாவது சட்டம் இருக்கா. ஒவ்வொரு தடவையும் இந்தச் சாஃப்ட்வேர் சிப்புக்குள்ள எல்லாத்தையும் வேற வேற எடத்துல வச்சுப் பாக்கும், கொலுப்படி அடுக்கற மாதிரி, ஒரு தடவை பொம்மை சரியா உக்காரும், ஒரு தடவை உக்காராது. அதிர்ஷ்டம்தான். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சுட்டு ஒரு பொண்ணோட கையை அதிர்ஷ்டத்துல விட்டுட்டு உக்காந்திருக்கேன்னு இப்ப யாராவது சொன்னா அவனைச் செருப்பால அடிப்பேன். யாரும் சொல்லல. நாந்தான் சொல்றேன்.

நாப்பத்தொண்ணு. சரி, அசையுது. எனக்கு யார் மேல கோவம்னா, முதல்ல ருக்மணி மேடம் மேல. கைடுன்னு பேரு. நாலு மாசத்துல ரெண்டே ரெண்டு கேள்வி கேட்டாங்க, ஒண்ணு ரிப்போர்ட்டுக்கு எந்த கலர் அட்டை, இன்னொண்ணு, "இருபதுக்குக் கீழ வருமாம்மா? வந்தா பெங்களூர் போட்டிக்கு அனுப்பலாம்." இருபதுன்னா இருபது மில்லிசெகண்ட். கேமரா கையைப் பாக்கறதுலேர்ந்து தகடு வெட்டற பிரஸ்ஸுக்கு நில்லுன்னு சிக்னல் போறவரைக்கும் ஆகற நேரம். நாங்க ஆரம்பிச்சப்ப நூத்தி நாப்பது. அதை யாரு கொறைச்சா? நான். முப்பத்திரண்டு பிட்ல போட்டுக்கிட்டிருந்த கணக்கை எட்டு பிட்டுக்கு இறக்கினேன், கையா கையில்லையான்னு தெரிய எதுக்குடா அத்தனை தசமம், காய்கறிக் கடையில தங்கத் தராசு வைக்கற மாதிரி. நூத்தி நாப்பது எழுபதாச்சு. ஒவ்வொரு தடவையும் தூரத்து மெமரிக்குப் போய்ப் போய் வாங்கிட்டு வந்ததைப் பக்கத்துலயே எடுத்து வச்சேன், நாப்பதாச்சு. பெரிய வேலையைத் துண்டு துண்டா வெட்டி ஒருத்தன் மாவு ஊத்த, ஒருத்தன் திருப்ப, ஒருத்தன் எடுக்கன்னு ஓட்டல் தோசைக்கல்லு மாதிரி வரிசையா நிறுத்தினேன், இருபத்துநாலாச்சு. அது வரைக்கும் எல்லாம் நேர்மை. அது வரைக்கும் நான் கெட்டிக்காரி, யாரு வந்து கேட்டாலும் வரி வரியா நின்னு பதில் சொல்லுவேன். இருபத்துநாலு. அங்கயே நின்னுருக்கலாம். பூபதி சொன்னான். "போதும் சிந்து. பிரஸ்ஸு மேல இருந்து கீழ வரவே முன்னூறு ஆவுது. இருபத்துநாலுல நின்னுரும். அதுக்கு மேல யாருக்கு?" நான் எல்லாரும் இருக்கறப்ப, மொத்த கிளாஸும் பாத்துட்டிருக்கறப்ப, அவனைப் பாத்துச் சொன்னேன். "போதும்னு சொல்றது தோத்தவன் பேச்சு. உன் டிசைனுக்கு க்ளாக் எதுக்குடா, ரெண்டு மாட்டைப் பூட்டு." எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். அந்தச் சிரிப்புதான். எதிர்த்துத் திட்டியிருந்தா இன்னிக்கு நான் இப்படி உக்காந்திருக்க மாட்டேன். திட்டத் தெரியாதவங்க கூட வேலை பாக்கறது எவ்வளவு ஆபத்து தெரியுமா. பாரு, இதுவும் அவன் தப்பா ஆயிடுச்சு. எனக்கு நல்லா வருது இது.

க்ளாக்கை ஏத்தினேன். சிப்புக்குள்ள ஒரு தாளம் ஓடிட்டே இருக்கும், ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவுல எல்லா வேலையும் முடிஞ்சுரணும், முடியலைன்னா பாதி வெந்த பதிலை எடுத்துட்டுப் போயிரும். தாளத்தை வேகமாக்கினா எல்லாம் வேகமாகும், எல்லாமும் வேகத்துக்கு வந்துச்சு, ஒரே ஒரு வழியைத் தவிர. கூட்டி முடிச்சு, இது கைதானான்னு ஒப்பிட்டு, நில்லுன்னு சொல்ற வழி. அது மட்டும் லேட்டு. எவ்வளவு லேட்டு, பாயிண்ட் மூணு எட்டு நேனோசெகண்ட். சாஃப்ட்வேர் அதைச் சிவப்புல காட்டிட்டே இருந்துச்சு, பதினோரு தடவை, பதினோரு சிவப்பு. அப்புறம் அந்த வரி. ஒரே வரி. இந்த வழியைச் சோதிக்க வேண்டாம், கணக்குல எடுக்க வேண்டாம்னு அதுகிட்ட சொல்றதுக்கு ஒரு வரி இருக்கு, நியாயமான வரிதான், எல்லாரும் எழுதறதுதான், ஆன் பண்றப்ப ஒரு தடவை செட் பண்ணிட்டு அப்புறம் தொடவே தொடாத ஒயரு இருக்கும், அதுக்கு எழுதணும். நான் இதுக்கு எழுதினேன். எழுதி ஓட்டினேன். பச்சை. பத்தொம்போது மில்லிசெகண்ட். மேடம் கையைப் புடிச்சுக் குலுக்கினாங்க. இங்க டெஸ்ட் பண்ணினோம், இந்த ஏசியில, பத்தாயிரம் தடவை ஒரு பிளாஸ்டிக் கையை நீட்டி நீட்டி, பத்தாயிரத்துக்கு பத்தாயிரம் நின்னுச்சு. பாத்தியா சாஃப்ட்வேர்தான் பயந்தாங்கொள்ளின்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். ஆனா அது பயப்படல. அது சூட்டையும் சேத்துக் கணக்குப் போடுது. சூடானா சிப்பு மெதுவாகும், செகண்ட் இயர்லயே படிச்சாச்சு, நான் அந்தப் பேப்பர்ல தொண்ணூத்தியாறு.

நாப்பத்தேழு. இந்தத் தடவை அந்த வரியை நிறுத்தி வச்சுட்டு ஓட்டறேன். கணபதி ஏரியால, அக்கா வேலை பாக்கற அந்த ஷெட்டு. மேல சிமெண்ட் ஷீட்டு, ஏப்ரல் மாசம், ஜன்னல்னு பேருக்கு ஒரு ஓட்டை. டிசம்பர்ல போனப்பவே எனக்கு வேர்வை கழுத்துல ஊத்துச்சு. எண்ணெய் வாசனை, தகரம் தகரத்தைக் கடிக்கிற சத்தம், மோட்டாருக்குள்ள போற தகடு வெட்டுறாங்க, தட், தட், தட், ஒவ்வொரு தட்டுக்கும் தரை ஒரு தடவை அதிருது. பூபதியோட அக்கா வளர்மதி எங்களைப் பாத்ததும் கையை முந்தானையில தொடைச்சுட்டு, "வா கண்ணு, நீதான் சிந்துவா? இவன் உம்பட பேச்சத்தான் பேசிட்டு இருப்பான்"னாங்க. வலது கை நடு விரல்ல மேல் கணு இல்ல. போன ஆடி மாசம். அதனாலதான் இந்த ப்ராஜெக்டே, அவன் கிளாஸ்ல டாபிக் சொன்னப்ப காரணம் சொல்லவே இல்ல, "பிரஸ்ஸுல கை பாதுகாப்பு"ன்னு மட்டும் எழுதிக் குடுத்தான். மெஷின்ல ரெண்டு பட்டன், ரெண்டு கையாலயும் ஒண்ணா அமுக்கினாத்தான் பிரஸ்ஸு கீழ வரும், ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா வெட்டுல எப்படி இருக்கும், அதான் ஏற்பாடு. நான் பாக்கறப்ப வலது பட்டனை மஞ்சக் கயித்தால அமுக்கிக் கட்டியிருந்துச்சு. ஒரு கை தகட்டைத் தள்ள, ஒரு கை பட்டனை அமுக்க, எண்ணிக்கை கூடும்ல. அறுநூறு தொள்ளாயிரமாகும். எனக்கு எரிஞ்சுச்சு. சத்தமாவே கேட்டேன், "எந்தப் புத்திசாலி இதைக் கட்டுனது? வெரலை வாடகைக்கா வாங்கிட்டு வந்தீங்க?" பக்கத்து மெஷின்காரர் திரும்பிப் பாத்தார். அக்கா மெதுவா, "நாந்தாங் கண்ணு"ன்னாங்க. நான் அப்பவும் விடல. ஒருத்தர் சோதிக்கறதுக்குன்னு ஒண்ணு வச்சா அதை மறைச்சுக் கட்டுறது எவ்வளவு பெரிய மடத்தனம்னு பாடம் எடுத்தேன், பத்து நிமிஷம், நின்னுக்கிட்டு, விரல் போனவங்க முன்னாடி. அவங்க தலையை ஆட்டிக்கிட்டே கேட்டாங்க. அன்னிக்கே கயித்தை அவுத்துட்டாங்கன்னு பூபதி சொன்னான். ஓனர் முறைச்சாராம், எண்ணிக்கை விழுந்துச்சாம், அக்கா கேக்கலையாம். "அந்தப் புள்ள படிச்ச புள்ள, சொன்னா சரியாத்தான் இருக்கும்"னாங்களாம்.

சோதிக்கறதுக்குன்னு ஒண்ணு வச்சா அதை மறைச்சுக் கட்டுறது. எந்தப் புத்திசாலி. நாந்தாங் கண்ணு.

அம்பத்திரண்டு. ஒண்ணு இருபத்தெட்டு. என் நடு விரலை நானே புடிச்சுப் பாக்கறேன், மேல் கணு, மடக்கினா மடங்குது. இந்த ஏசியை எவனாவது நிறுத்தக் கூடாதா. கணக்காப் பேசுவோம், உணர்ச்சிவசப்படாம. போர்டை டப்பாவுக்குள்ள மூடி வச்சிருக்கோம், தூசி போகக்கூடாதுன்னு, நல்ல காரியம் பண்ணினோம், காத்தும் போகாது. உள்ள எழுபது டிகிரி போகும். போனா ஆயிரத்துல ஒரு தடவை அந்த வழி லேட்டாகும், நில்லுங்கற பதில் வேகறதுக்குள்ள எடுத்துட்டுப் போயிரும், மெஷின் கை இல்லைன்னு நினைச்சுக்கும். அக்கா ஒரு ஷிப்டுக்கு அறுநூறு தடவை அமுக்குவாங்க. ஒவ்வொரு தடவையும் கை உள்ளேயா இருக்கு, இல்லையே, தகடு கோணிக்கிட்டாத்தானே கையை விட்டு நிமித்துவாங்க. எத்தனை தடவை கோணும்? ஒரு நாளைக்கு இருபது? அப்ப அம்பது நாளைக்கு ஒரு தடவை. ஆகா. அம்பது நாளைக்கு ஒரு விரல். பரவால்லைன்னு சொல்லு, சொல்லித்தான் பாரேன், வாய் வருதா. கால் பண்ணு. போன் கையிலதான் இருக்கு. கால் பண்ணினா என்ன ஆயிடும், பெங்களூர் போகும், பத்தொம்போதுன்னு அச்சடிச்ச போஸ்டர் போகும், போகட்டும், அதெல்லாம் கூட இல்ல, நான் அதுக்காகப் பயப்படல. பயம் அந்த வரிக்காகக் கூட இல்ல. வரிக்குப் பக்கத்துல எழுதினது. அது வேண்டாம். இப்ப அது வேண்டாம். பூபதியோட சட்டம் ஒண்ணு உண்டு, எங்க ரெண்டு பேருக்கும், இந்த மாதிரி விதிவிலக்கு வரி எதை எழுதினாலும் பக்கத்துல ஏன்னு ஒரு காரணம் எழுதணும். அவன் ஒவ்வொண்ணுக்கும் நாலு வரி எழுதுவான், கடுதாசி மாதிரி. நான் கிண்டல் பண்ணுவேன், நலம் நலமறிய ஆவல்னு ஆரம்பிடான்னு. நானும் எழுதினேன். இதுக்கும் எழுதினேன். ரிப்போர்ட் குடுக்கற அவசரத்துல, மூணே மூணு வார்த்தை. வேண்டாம்னு சொன்னேன்ல.

அறுபத்திமூணு. வேகமாத்தான் போகுது. பச்சையா வரும் பாரு. போனை மேசையில கவுத்து வச்சேன், உடனே அது அதிருது. பூபதி. போட்டோ அனுப்பியிருக்கான். நான் திறக்கல. திறந்தேன். அக்காவோட மெஷின், மேல நாங்க ரெண்டு பேரும் ஸ்க்ரூ போட்ட சாம்பல் கலர் டப்பா, கேமரா கண்ணு மாதிரி கீழ பாக்குது, டப்பா மேல யாரோ சந்தனம் குங்குமம் வச்சிருக்காங்க. கீழ அக்கா, சாப்பிட்ட தூக்குவாளியோட, சிரிக்கறாங்க. அவங்க கைக்குப் பக்கத்துல வலது பட்டன். மஞ்சக் கயிறு. திரும்பக் கட்டியாச்சு. கீழ எழுதியிருக்கான்: "ஓனர் சீக்கிரம் ஓட்டிக் காட்டச் சொல்றாரு. டப்பா இருக்குதுல்ல, இனி ஒரு பட்டன் போதும்ங்கறாரு. அக்காவும் சரிங்குது." கோடு அறுபத்திமூணுலயே நிக்குது. நில்லுடா நாயே, நீ நில்லு, உனக்கு என்ன. டிசம்பர்லேர்ந்து நாலு மாசம் ரெண்டு கையையும் பட்டன்ல வச்சு அமுக்கினாங்க, என் பேச்சைக் கேட்டு. இப்ப கட்டினதும் என்னை நம்பித்தான். நான் அவுக்க வச்ச கயித்தை நானே கட்டிட்டேன், இங்க ஏசியில உக்காந்து, தொடாமலே. கோட்டைப் பாத்தேன், போட்டோவைப் பாத்தேன், கோட்டைப் பாத்தேன், அறுபத்திநாலு, ஒண்ணு முப்பத்தாறு, அப்புறம் விரல் தானா அமுக்கிருச்சு. தானான்னா சொன்னேன். நாந்தான் அமுக்கினேன், இதையாவது நான் பண்ணினேன்னு இருக்கட்டும்.

ரிங் போகுது. போகுது. எடுத்தது அக்கா.

"சொல்லு கண்ணு. அவன் மேல ஏறி ஒயர் மாட்டிட்டு இருக்கறான். சாப்ட்டியா நீயி?"

பின்னாடி பெரிய சக்கரம் சுத்தற சத்தம். மோட்டார் போட்டாச்சு.

"அக்கா, ஓட்டிட்டீங்களா?"

"இன்னும் இல்ல, இந்தா இப்பத்தான். ஏங் கண்ணு?"

"ஒண்ணுமில்லக்கா. அதுல ஒரு சின்ன அப்டேட் இருக்கு." வாயைப் பாரு. இப்பவும் இந்த வாய் என்ன பேசுது பாரு.

"அதுக்கென்ன, சாய்ங்காலம் பண்ணிக்குவீங்ளாம். ஓனரு வேற வந்து நிக்கறாரு, பொட்டி வேல செய்யறதப் பாக்கோணும்னு. ஒரு அம்பது தட்டு தட்டிக் காட்டிட்டு..."

"அக்கா, வேண்டாம். அந்தக் கயித்தை அவுத்துடுங்க. டப்பா சூடானா சில நேரம் கையைப் பாத்தும் நிறுத்தாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன்."

அந்தப் பக்கம் சக்கரம் மட்டும் சுத்துது. அப்புறம் போனைத் தள்ளிப் புடிச்சு யார்கிட்டயோ, "மோட்டார நிறுத்துங். ஏனுங், நிறுத்துங்கறேன்ல." நிறுத்தினாலும் அது உடனே நிக்காது, அத்தனை கனம், கொஞ்சம் கொஞ்சமாத்தான் அடங்கும். நான் போனைக் காதோட அழுத்தி வச்சுக்கிட்டு ஒவ்வொரு சுத்தையும் கேட்டேன்.

"எவ்ளோ நேரம் பிந்துது கண்ணு?"

"ரொம்பக் கம்மிக்கா. ஒரு செகண்டை நூறு கோடித் துண்டா உடைச்சா, அதுல ஒரு துண்டுல பாதி கூட வராது."

"அவ்ளோதானா."

"அவ்ளோதான்க்கா."

"எனக்கும் அன்னிக்குக் கொஞ்சந்தான் பிந்துச்சு"ன்னாங்க. கோவமா இல்ல. சும்மா, இன்னிக்கு வெயில் ஜாஸ்தின்னு சொல்ற மாதிரி. திட்டியிருக்கலாம். எனக்குத் திட்டு வாங்கத் தெரியும், திருப்பிக் குடுக்கத் தெரியும், இதுக்கு என்ன பண்றதுன்னுதான் தெரியல. அக்கா போனை மாத்திக் குடுக்கற சத்தம், ஒயர் கீழ விழற சத்தம், அப்புறம் பூபதியோட மூச்சு. அவன் ஹலோ கூடச் சொல்லல.

"எந்த வரி?"

"இருநூத்திப் பதினாலு."

"படி."

படிச்சேன். எங்கேர்ந்து, எது வரைக்கும், பாக்க வேண்டாம். ஒவ்வொரு பேரா, ஒவ்வொரு புள்ளியா. எத்தனை தடவை இவன்கிட்ட நான் சத்தம் போட்டுப் படிச்சுக் காட்டியிருப்பேன், இவன் எழுதினதுல தப்பு கண்டுபுடிச்சு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி.

"பக்கத்துல என்ன காரணம் எழுதிருக்க?"

ஸ்க்ரீன்ல கோடு எப்ப நகந்துச்சோ தெரியல, எழுபத்தொண்ணு. இன்னும் பச்சைதான். அது முடிஞ்சு என்ன நம்பர் வந்தாலும் இந்த மூணு வார்த்தையை அது தொடப்போறதில்ல.

"சிந்து. பக்கத்துல."

"பூபதி பாத்துட்டான். ஓகே."

அவ்வளவுதான் எழுதியிருந்தேன். அவன் பாக்கல. அவனுக்குக் காட்டவே இல்ல. யாராவது பின்னாடி ஒரு நாள் ஏன்னு கேட்டா ஃபைல்ல இருக்கப்போறது அவன் பேரு, அவன் அக்கா விரலுக்குப் பக்கத்துல அவன் பேரு. கட் ஆயிடுச்சோன்னு ஸ்க்ரீனைப் பாத்தேன், செகண்ட் ஓடிட்டுத்தான் இருந்துச்சு.

"அந்த வரிய அழிச்சுராத"ன்னான். "வேலை செய்யாதபடி மட்டும் பண்ணி வை. க்ளாக்கக் கொறச்சு இருபத்துநாலுக்கே ஓட்டு. அந்த வரி அங்கயே இருக்கட்டும், பேர மட்டும் மாத்து."

"சரி."

"மேடத்துக்கு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன்."

பின்னாடி அக்காவோட குரல், தள்ளி நின்னு, கயித்து முடிச்சை அவுத்துக்கிட்டே பேசற மாதிரி. "அந்தப் புள்ள சாப்ட்டுச்சான்னு கேளு சாமி. கேட்டதுக்குப் பதிலே சொல்லல."

அவன் கேக்கல. வச்சுட்டான்.